பனிவண்டிக்கு ஊற்றிய நல்ல தண்ணீர்

1

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ரோஷ்னியின் படத்தைப் போட்டதிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. தலையில் பளீரென்ற ஆரஞ்சு ஹெல்மெட், மார்பிலும் முதுகிலும் கவசம், முழங்காலுக்குக் கீழே தகடு, பக்கத்தில் சக்கரமே இல்லாத ஒரு மஞ்சள் வண்டி. போர்ட் பிளேர் கராச்சர்மாவிலிருந்து தம்பி மனைவி, "பாப்பா மிலிட்டரில சேந்துட்டாளா?" என்று கேட்டாள். லம்பா லைனில் பழைய பக்கத்து வீட்டுக்காரர் இது என்ன விலை, கப்பலில் ஏற்ற விடுவார்களா என்று கேட்டிருந்தார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதில் போட என் கட்டைவிரலுக்குத் தெம்பில்லை. அதனால் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன். படத்துக்குப் பிறகு நடந்ததையும் சேர்த்துத்தான். அதையெல்லாம் காலை வணக்கப் பூப்படங்களுக்கு நடுவே போட முடியாது.

நாங்கள் இருப்பது அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் வடகோடி. இன்னும் கொஞ்சம் போனால் கனடா வந்துவிடும். என் மனைவி விமலா இங்கே மருத்துவமனையில் அவசர சிகிச்சைப் பிரிவு நர்ஸ். அவள் வேலைக்காகத்தான் வந்தோம். நான் அவளோடு ஒட்டிக்கொண்டு வந்தவன். அந்தமானில் ஜங்லிகாட் மீன்பிடித் துறையில் டிங்கிப் படகுகளுக்கு இன்ஜின் பார்த்தவனுக்கு இங்கே ஏரிப்படகுகளுக்கு இன்ஜின் பார்க்கும் வேலை கிடைத்தது. குளிர்காலத்தில் ஏரி கல்லாக உறைந்துவிடும். படகு கொண்டுவந்த அதே ஆட்கள் அப்போது பனிவண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள்.

பனிவண்டி என்றால் முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்னால் டாங்கிக்கு இருப்பதுபோல அகலமான ரப்பர் பட்டை, நடுவே இன்ஜின். முதன்முதலாக அந்த இன்ஜினைத் திறந்த அன்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம்முடைய டூ ஸ்ட்ரோக். பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்ற வேண்டியது. உலகத்தின் மறுபக்கத்துக்கு வந்தும் அதே நீலப் புகை, அதே வாசனை. அந்தக் குளிரிலும் கையுறையைக் கழற்றிவிட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

பழைய வண்டிகளுக்கென்றே இங்கே ஒரு போட்டி நடக்கிறது. நான் பிறந்த காலத்து வண்டிகளை எல்லாம் கொட்டிலிலிருந்து இழுத்து, பழுது பார்த்து, காடும் பள்ளமும் உறைந்த ஏரியுமாக நாள் முழுக்க ஓட்டுவார்கள். ரோஷ்னிக்குப் பதினேழு வயது. அவள் அதில் ஓட்ட வேண்டும் என்றாள். ஒரு விவசாயியின் கொட்டிலில் கோழி எச்சத்துக்கு அடியில் கிடந்த மஞ்சள் வண்டியை அவளே கண்டுபிடித்தும் வைத்திருந்தாள்.

நான் ஏன் சரி என்றேன்? சாப்பாட்டு மேசையில் என் மகள் எனக்குத் தரும் பதில் "ம்" என்ற ஒற்றை எழுத்து. நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். அதுவும் போனைப் பார்த்தபடி. வருகிற இலையுதிர் காலத்தில் எங்கோ மேற்கே கல்லூரிக்குப் போகப்போகிறாள். மனத்தளவில் பெட்டி கட்டி முடித்தாயிற்று. ஆனால் கராஜில், அந்த வண்டிக்கு முன்னால் மட்டும், "அப்பா, இது எதுக்கு? இத ஏன் இப்படி வெச்சிருக்காங்க?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். தமிழில். அந்த ஆசைக்காகத்தான் சரி என்றேன். வெட்கப்படாமல் சொல்கிறேன்.

2

பதினெட்டு ஆகாதவர்கள் ஓட்டுவதென்றால் தாய் தகப்பன் இருவரும் நோட்டரி முன்னிலையில் கையெழுத்துப் போட வேண்டும். காயம், ஊனம், மரணம் எது நேர்ந்தாலும் எங்கள் பொறுப்பு என்று எழுதியிருந்தது. பெற்ற பிள்ளையின் பெயருக்குக் கீழே அந்தச் சொல்லை வாசித்துவிட்டு எப்படிப் பேனாவை எடுப்பது? அதை விடுங்கள், பேனா வரைக்கும் எங்களைப் போகவே விடவில்லை.

வங்கியில் நோட்டரி வேலையையும் பார்க்கும் இளைஞன் மூன்று அடையாள அட்டைகளையும் வரிசையாக வைத்தான். நான் குமரேசன் மாடசாமி. இவள் விமலா சின்னையா. பெண் ரோஷ்னி குமரேசன். மூன்று பேருக்கு மூன்று குடும்பப் பெயர். "நீங்கள் மூவரும் ஒரே குடும்பம்தானா?" என்று மரியாதையாகத்தான் கேட்டான். எங்களில் தகப்பன் பெயர்தான் பின்னால் வரும் என்று நான் விளக்க விளக்க அவன் முகம் இன்னும் குழம்பியது. திரும்பப் போய் ரோஷ்னியின் பிறப்புச் சான்றிதழை எடுத்து வந்தோம். இந்தியும் ஆங்கிலமுமாக இருந்த அந்தக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கணினியில் வரைபடத்தைத் திறந்து, "இது தாய்லாந்துப் பக்கம் அல்லவா இருக்கிறது?" என்றான். எனக்குக் கோபம் வரவில்லை. சென்னையிலேயே ஒரு ஆபீசில், "அந்தமானா? பஸ் போகுமா?" என்று கேட்ட ஆளைப் பார்த்தவன் நான்.

ரோஷ்னி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எங்கள் பெயர்களுக்காக அவள் கூச்சப்பட்டாள் என்று எனக்குத் தெரிந்தது.

கடைசியில் அவன் ஒப்புக்கொண்டு பேனாவை நீட்டினான். நான் போட்டேன். விமலா வாங்கவில்லை. இந்தப் போட்டி பற்றிப் பேச்செடுத்த நாளிலிருந்தே அவள் ஒப்பவில்லை. பனிக்காலத்தில் அவள் வார்டுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் இந்த வண்டியிலிருந்து விழுந்தவர்கள். அதற்கும் முன்னால் அவள், போர்ட் பிளேரிலிருந்து கப்பலில் போக வேண்டிய ஹட் பே பெண். தகப்பனார் அங்கே எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். தோட்டத்தில் ஒருவருக்கு முதுகில் அடிபட்டு, கடல் கொந்தளிப்பில் போர்ட் பிளேர் கப்பல் வராமல், ஜெட்டியிலேயே படுக்க வைத்துக் காத்திருந்ததைச் சிறுமியாகப் பார்த்திருக்கிறாள். காட்டுக்குள் அடிபட்டால் ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்பதுதான் இந்தப் போட்டி பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி.

"நான் போடறேன்," என்றாள் என்னிடம், தமிழில், மெதுவாக. "ஆனா ஒவ்வொரு தடவையும் நீங்க கைவெச்சுப் பாத்து, சரின்னு சொன்னாத்தான் அவ ஏறணும். வேற எவன் சொன்னாலும் கூடாது. உங்கள நம்பித்தான் போடறேன்."

"அது என் பொறுப்பு," என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

3

அந்தக் குளிர்காலம் முழுவதும் கராஜில்தான் வாழ்ந்தோம். கார்புரேட்டரில் பழைய பெட்ரோல் பிசினாகக் காய்ந்து கிடந்தது. பெட்ரோல் குழாய்கள் தொட்டால் உடைந்தன. சறுக்குக் கட்டைகளின் அடியில் பனிக்கட்டியைக் கவ்விப் பிடிக்கும் கார்பைடு பட்டைகளைப் புதிதாகப் போட்டோம். அது இல்லாவிட்டால் ஏரியில் வண்டியைத் திருப்பவே முடியாது. பின்னால் வருகிறவன் முகத்தில் பனியும் கல்லும் அடிக்காமலிருக்க ரப்பர் திரை, பிரேக் விளக்கு, பெல்ட் அறுந்து தெறித்தால் காலில் படாதபடி தகடு. எல்லாம் விதி. ஹெல்மெட் ஆரஞ்சு நிறத்தில் இருப்பதும் விதிதான். பனித்தூள் பறக்கும்போது அந்த நிறம் ஒன்றுதான் கண்ணில் படும்.

போர்ட் பிளேரில் இன்ஜின் பட்டறை வைத்திருக்கும் தம்பி செல்வம், எங்களுக்கு மாலை நேரமானால் வீடியோவில் வந்துவிடுவான். அவனுக்கு அப்போது விடிந்திருக்கும்.

"அண்ணே, பர்ஃப் மேல ரேஸா? திமாக் கராப் ஆயிடுச்சா உங்களுக்கு?"

"நீ பிஸ்டனப் பாருடா."

"கேமராவக் கிட்ட கொண்டாம்மா ரோஷ்னி. இன்னும் தோடா... அரே, இது நம்ம டிங்கி இன்ஜின்தாண்ணே! குளுருக்குக் கோட்டு மாட்டிக்கிட்டு நிக்குது, அவ்வளவுதான்."

ரோஷ்னி விழுந்து விழுந்து சிரிப்பாள்.

ஒன்றில் மட்டும் அவள் எங்கள் இருவரையும்விடக் கறாராக இருந்தாள். வண்டியின் சுவிட்சிலிருந்து ஓட்டுபவரின் உடம்புக்கு ஒரு கயிறு. ஆள் விழுந்தால் கயிறு சுவிட்சைப் பிடுங்கும், இன்ஜின் நின்றுவிடும். படகு இன்ஜினிலும் உண்டு. "நம்ம பசங்க அத இன்ஜின்லயே சுத்திக் கட்டிருவாங்க கண்ணு. வல இழுக்கறப்ப ரொம்ப பரேஷானி," என்றான் செல்வம். நானும் அப்படி வளர்ந்தவன்தான். இவள் கராஜுக்குள் விளக்கு எரிகிறதா என்று பார்க்க ஏறி உட்கார்ந்தால்கூட முதலில் கயிற்றைக் கோட்டில் மாட்டிவிட்டுத்தான் சாவியைத் தொடுவாள்.

கவசங்கள் வந்த அன்று விமலாவே கராஜுக்கு வந்தாள். மார்புத் தகட்டின் பட்டைக்குள் இரண்டு விரலை விட்டுப் பார்த்தாள். கழுத்தைத் திருப்பச் சொன்னாள். "இங்க லூசா இருக்கு. இந்த எலும்புதான் மொதல்ல போகும்," என்று இழுத்துக் கட்டினாள். பாசமாகச் சொல்கிறாளா பயமுறுத்துகிறாளா என்று தெரியாத குரல். அன்று எடுத்த படம்தான் நீங்கள் பார்த்தது.

4

இனி உப்பு பற்றிச் சொல்ல வேண்டும். உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை.

கடலுக்குப் போய்வந்த இன்ஜினை நல்ல தண்ணீரில் கழுவாமல் யாராவது வீட்டுக்குப் போவார்களா? எங்கள் வீட்டில் கோடையில் குழாயில் தண்ணீர் நாள் விட்டு நாள்தான் வரும். அம்மா பாத்திரம் கழுவிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றிக் கொண்டிருப்பாள். ஆனால் அப்பாவின் டிங்கி இன்ஜினுக்கு ஒரு பக்கெட் தனியாக மூடி வைத்திருக்கும். அதில் கை வைத்தால் அடி விழும். "மனுஷன் ஒருநா குளிக்காட்டி நாறுவான். இன்ஜின் ஒருநா குளிக்காட்டி செத்துரும்," என்பார். நான் தொழில் கற்றதே அந்த பக்கெட்டிலிருந்துதான். இங்கே வந்தும் விட்டேனா? மண்வெட்டியைக் கழுவுவேன், சைக்கிளைக் கழுவுவேன். ரோஷ்னியின் தோழிகள் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

போட்டிக்கு முந்தைய வாரம், முதல் சோதனை ஓட்டம் நன்றாகப் போனது. வண்டியைத் திறந்த டிரெய்லரில் கட்டி நெடுஞ்சாலை வழியாகத் திரும்பினோம். இங்கே சாலையில் பனி உருக உப்பைக் கொட்டுவார்கள். கராஜில் இறக்கும்போது பார்த்தேன்: வண்டி முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தது. கேபிள், ஸ்பிரிங், போல்ட் ஒன்றும் மிச்சமில்லை. என் உடம்பே அரித்தது. ரோஷ்னி குளிக்கப் போன நேரம், சமையலறையிலிருந்து வெந்நீரை பக்கெட் பக்கெட்டாகக் கொண்டுவந்து ஊற்றிக் கழுவினேன். துடைத்தேன். கராஜில் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தேன், ஈரம் இல்லை. மறுநாள் காலையில் வேகம் கூட்டும் த்ராட்டிலை அழுத்திப் பார்த்தேன். அழுத்தினால் போனது, விட்டால் வந்தது. "சரிம்மா, ஏறு," என்றேன்.

வீட்டுக்குப் பின்னாலுள்ள ஏரி. மைனஸ் இருபது. தண்ணீரின் மேல் நடப்பது எனக்கு இன்றைக்கும் பழகவில்லை, கரையிலேயே நின்றேன். முதல் சுற்றில் ஒன்றுமில்லை. கயிறு, ஹெல்மெட் எல்லாம் சரியாக இருந்தது. இரண்டாவது சுற்றில் நீளவாக்கில் முழு வேகத்தில் எதிர்க்கரைக்குப் போனாள். அங்கே மரங்கள். திரும்புவதற்கு முன் வேகம் குறைய வேண்டும்.

கண்ணுக்கு முன்னால் காது சொல்லிவிட்டது. இன்ஜின் சத்தம் இறங்கவே இல்லை. ஒரே சுதியில் கத்திக்கொண்டு போனது. நான் அவள் பெயரைச் சொல்லி அலறினேன், அவளுக்குக் கேட்காது என்று தெரிந்தும். பனி ஒரு புகையாக எழும்பியது. பிறகு சத்தம் சட்டென்று அறுந்தது.

அவ்வளவு தூரத்தையும் அந்த ஏரியின் மேல் ஓடினேன். பனியில் உட்கார்ந்திருந்தாள். கயிறு கோட்டிலிருந்து தொங்கியது. வண்டி மரங்களுக்குக் கொஞ்சம் முன்னால் செத்து நின்றது. "விழுந்துட்டேம்ப்பா. நிக்கவே இல்ல, விழுந்துட்டேன்," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். இடது மணிக்கட்டு வீங்கத் தொடங்கியிருந்தது.

வண்டியிடம் போய் த்ராட்டில் கேபிளை விரலால் வளைத்தேன். உள்ளே நறநறவென்றது. கேபிளின் உறைக்குள் புகுந்த தண்ணீர் கராஜின் சூட்டில் தண்ணீராகவே இருந்திருக்கிறது. வெளிக்குளிரில், அவள் முழுவதும் அழுத்திப் பிடித்திருந்த நேரம் பார்த்து, அப்படியே உறைந்துவிட்டது.

"நேத்து கழுவினியா?" என்றாள் பின்னாலிருந்து.

"உப்பும்மா. மேல பூரா உப்பு."

"அப்பா, இது கடல் இல்ல."

5

வீட்டுக்குள் நுழையும் முன் என் சட்டைக் கையைப் பிடித்தாள். "அம்மாகிட்ட சொல்லாதப்பா. சொன்னா சைன் பண்ணத கேன்சல் பண்ணிருவா. நானும் நீ கழுவினத சொல்ல மாட்டேன். டீல்?"

பல வருடம் கழித்து என் மகளும் நானும் சேர்ந்து ஒரு ரகசியம் வைத்துக்கொள்ளும் வாய்ப்பு. அது எவ்வளவு இனித்தது என்று சொன்னால் நீங்கள் என்னைக் காறித் துப்புவீர்கள்.

வேலை முடிந்து வந்த விமலா மணிக்கட்டைப் பார்த்தாள். "ஐஸ்ல விழுந்துட்டேன்," என்றாள் ரோஷ்னி. பொய் இல்லை. விமலா கட்டுத் துணியைச் சுற்றத் தொடங்கினாள். என்னை நம்பிக் கையெழுத்துப் போட்ட அதே கை. அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"சும்மா விழல விமலா. வண்டி நிக்கல. கேபிள்ல தண்ணி ஒறஞ்சிருச்சு. நான்தான் கழுவினேன்."

ரோஷ்னி என்னைப் பார்த்த பார்வை இன்னும் என்மேல் இருக்கிறது. விமலா கட்டை இழுத்து முடிச்சுப் போட்டாள். பிறகு மகளிடம் கேட்டாள்.

"கயிறு மாட்டியிருந்தியா?"

"ம்."

"அப்பா மாட்டச் சொன்னாங்களா?"

"இல்ல. நான்தான் எப்பவும் மாட்டுவேன்."

விமலா கத்துவாள், காகிதத்தைக் கிழிப்பாள் என்று காத்திருந்தேன். "போ, ஓட்டு," என்றாள். எனக்கே தூக்கிவாரிப் போட்டது. பிறகு என் பக்கம் திரும்பினாள். "அவளக் காப்பாத்துனது அவ மாட்டுன கயிறு. இனிமே அந்த வண்டிய நீங்க தொடக்கூடாது."

"அப்பறம் யார் பாக்கறது?"

"அவளே பாக்கட்டும். நீங்க இங்க எத்தன வருஷம் வேல பாத்தாலும் உங்க கை ஜங்லிகாட்லதான் இருக்கு."

ரோஷ்னி எழுந்தாள். போட்டி கிடைத்துவிட்ட சந்தோஷம் துளி இல்லை. "ஏன்ப்பா சொன்ன?" என்று மட்டும் கேட்டுவிட்டு அறைக்குப் போனாள்.

6

அந்த வாரம் கராஜ் கதவு சாத்தியே இருந்தது. குப்பை எடுக்க, செருப்பு எடுக்க என்று ஏதாவது சாக்கில் நான் அந்தப் பக்கம் போய்வருவேன். ஒருநாள் உள்ளே செல்வத்தின் குரல் கேட்டது. அவளே கூப்பிட்டிருக்கிறாள்.

"சித்தப்பா, புது கேபிள் போட்டேன். உள்ள பானி போகாம என்ன போடணும்? க்ரீஸா, ஆயிலா?"

"எனக்கு பர்ஃப்னா மீன் பெட்டில போடற ஐஸ்தான் தெரியும் கண்ணு. உங்கப்பாவக் கேளு, அவருதான் உஸ்தாத்."

"அப்பா இல்ல சித்தப்பா. நான்தான்."

அந்தப் பக்கம் ஸ்பேனரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் செல்வம், "டீக் ஹை. நீ என்ன பண்ணப்போறன்னு ஒவ்வொண்ணா சொல்லு. நான் சும்மா கேட்டுக்கிட்டிருக்கேன்," என்றான்.

அவள் சொன்னாள். தடுமாறித் தடுமாறி, தெரியாத சொல்லுக்கு ஆங்கிலத்தைப் போட்டு, அதுவும் இல்லாவிட்டால் செல்வத்திடம் பொறுக்கிய இந்தியைப் போட்டு, தமிழில் நெடுநேரம் பேசினாள். இவள் வாயிலிருந்து இவ்வளவு தமிழ் வராதா என்று எத்தனை வருடம் ஏங்கியிருக்கிறேன். குப்பைப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு, மூடிய கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். அழுகைதான் வந்தது.

7

போட்டியன்று வண்டிகளைச் சோதித்தவர் லின் என்ற பெண்மணி. நான் வேலை பார்க்கும் கடைக்குப் படகு கொண்டுவருபவர். பழக்கத்தில் என்னிடம் திரும்பி, "மெக்கானிக் நீதானே?" என்றார்.

"நான்தான்," என்றாள் ரோஷ்னி.

லின் ஒன்றும் கேட்காமல் அவள் பக்கம் திரும்பிக்கொண்டார். த்ராட்டிலை அழுத்தி விட்டார், கயிற்றைப் பிடுங்கினார், பிரேக் விளக்கு, ரப்பர் திரை, ஹெல்மெட்டின் சான்று ஒட்டு, மார்புத் தகடு என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு வண்டியில் அனுமதிச் சீட்டை ஒட்டினார். விமலா விடுப்பு எடுத்து வந்திருந்தாள். ஆனால் மற்றப் பெற்றோர்களோடு நிற்காமல் ஆம்புலன்ஸ்காரர்கள் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

கொடி விழுந்தது. ஆரஞ்சுப் புள்ளி ஒன்று மற்ற ஆரஞ்சுப் புள்ளிகளோடு மரங்களுக்குள் போய் மறைந்தது.

பாதி வழியில் பெட்ரோல் நிரப்பும் இடம். அங்கே ஓட்டுபவருக்கு ஒரு துணையாள் தேவை. முதல் நாள் மாலையில், என் முகத்தைப் பார்க்காமல், "பெட்ரோல் மட்டும் நீ ஊத்துப்பா. வேற ஒண்ணும் வேண்டாம்," என்று சொல்லியிருந்தாள். ஆயில் கலந்ததும் அவள்தான். நான் கேனோடு காத்து நின்றேன். ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் காதைத் தீட்டிக்கொண்டு, அது இறங்க வேண்டிய இடத்தில் இறங்குகிறதா என்று கேட்டுக்கொண்டு நின்றேன்.

வந்தாள். மூச்சு வெளியே வந்து ஹெல்மெட்டில் உறைந்து வெள்ளையாகப் படிந்திருந்தது. நான் பெட்ரோல் ஊற்றி மூடியைத் திருகினேன். என் வேலை முடிந்தது. ஆனால் கை கேட்கவில்லை. அதுபாட்டுக்கு த்ராட்டில் கேபிளை நோக்கிப் போனது.

அவள் தன் தடித்த கையுறையால் என் கையைப் பிடித்து எடுத்து ஓரமாக வைத்தாள். கோபமாக இல்லை. அடுப்புப் பக்கம் நீளும் குழந்தையின் கையை நாம் எப்படி எடுத்து வைப்போமோ, அப்படி. பிறகு தானே த்ராட்டிலை அழுத்திவிட்டாள். அது திரும்பி வந்தது. மறுபடி அழுத்திவிட்டாள், திரும்பி வந்தது. மூன்றாவது முறை அழுத்தியபோது அவள் த்ராட்டிலைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"பாத்தியாப்பா?"

"பாத்தேம்மா," என்றேன்.

கயிற்றை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.